வாலின் சாட்சியம்

நாயைக் காவலுக்கு வளர்ப்பவர் நம்மிடையே பலர்; அதற்கு ஏதேனும் கற்பிக்க வேண்டும் என்று எண்ணுபவர் மிகச் சிலர். யாழ்ப்பாணத்து வளவொன்றிற் பிறக்கும் நாய், வேலியோரத்தில் வளர்ந்து, படலையிற் கேட்கும் காலடி ஓசைக்குக் குரைத்து, எஞ்சிய சோற்றை உண்டு, மாமரத்து நிழலிற் படுத்து முதுமையடைகின்றது. அந்த நாய்க்கும் ஒரு கல்வி உண்டு என்றும், அக்கல்வியைப் புகட்டும் முறைபற்றி அறிஞரும் வேட்டைக்காரரும் நூறாண்டுக்கு மேலாக வழக்காடி வருகின்றனர் என்றும் கூறினால் நம்மவர் நகைப்பர். ஆயினும் வழக்கு உண்மையானது. ஒரு பொருளை எறிந்தால் அதனை எடுத்து வந்து எசமானின் கையிற் கொடுக்க நாயை எவ்வாறு பழக்குவது? தீனி கொடுத்தா, வலி கொடுத்தா? கேள்வி இவ்வளவே. சிறிதாகத் தோன்றும் இக்கேள்வியினுள்ளே, கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர் நின்று சிந்திக்கவேண்டிய ஒன்று மறைந்து கிடக்கின்றது.

எங்கள் வீட்டிற்குள் இவ்வழக்கு நுழைந்தது பத்திரிகையின் வாயிலாக. காலையிற் சைக்கிளில் வரும் பையன் பத்திரிகையைச் சுருட்டிப் படலைக்கு மேலால் எறிந்துவிட்டுப் போவான். மாரிகாலத்தில், நான் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடப்பதற்குள் ஆசிரிய தலையங்கம் நனைந்துவிடும். தரம் 9இற் படிக்கும் என் மகள் ஒருநாள், “அப்பா, சுட்டியன் சும்மாதானே படுத்திருக்கிறான், அவனைப் பழக்கினால் என்ன?” என்றாள். சுட்டியன் எங்கள் நாய். வம்சம் கேட்டாற் சொல்வதற்கு ஒன்றுமில்லை; செம்மஞ்சள் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வயது இரண்டு.

எங்களுடன் வாழும் என் பெரியப்பாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. 1960களில் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் கிளாக்கராக இருந்தவர். அத்தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பருவகாலத்தில் தாழ்நிலத்து வயல்களுக்கு உள்ளான் சுடச் செல்வாராம். சுட்ட பறவையைச் சேற்றிலும் புல்லிலும் தேடி எடுத்து வருவதற்கென அவரிடம் கறுப்பு லாப்ரடோர் நாயொன்று இருந்தது. அது பழக்கப்பட்ட விதத்தைப் பெரியப்பா தம் கண்ணாற் கண்டவர்.

“தம்பி, நாயின் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாற் காரியம் நடவாது. காதைப் பிடித்துத் திருகவேண்டும். வலியில் வாயைத் திறக்கும். திறந்தவுடன் கட்டையை வாயில் வைத்துக் காதை விட்டுவிட வேண்டும். சில கிழமையிற் சொன்னபடி கேட்கும்” என்றார்.

மகள் சுட்டியனின் காதுகளைத் தன் உள்ளங்கைகளால் மூடிக்கொண்டாள். “அப்பப்பா, அவனுக்கு நோகுமே!”

“நோகத்தான் வேண்டும் பிள்ளை. அந்த நோவுதான் வாத்தியார்.”

‘வாத்தியார்’ என்ற சொல் காதில் விழுந்தபின் நான் வாளாவிருத்தல் இயலவில்லை. அன்று தொடங்கி இதுபற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன்.

பெரியப்பா கூறியது அந்தத் துரையின் தனிக் கற்பனை அன்று. அமெரிக்க வேட்டைநாய்ப் பயிற்சியாளர் பலர் இன்றும் கையாளும் முறை அது. நாயை ஒரு பலகையின்மீது கட்டி நிறுத்துவர். காது மடலை விரல் நகத்தாலோ, கழுத்துப் பட்டியிலுள்ள உலோகக் குமிழோடு சேர்த்தோ நசுக்குவர். சிலர் முன்னங்காலின் நடுவிரல் இரண்டையும் மெல்லிய கயிற்றாற் சுற்றி இழுப்பர். நாய் வாயைத் திறந்ததும் கட்டை உள்ளே வைக்கப்படும். வைத்த கணமே வலி நிற்கும். அடுத்த நாட்களிற் கட்டை சற்றுத் தள்ளிப் பிடிக்கப்படும். நாய் தானாகக் கழுத்தை நீட்டிக் கவ்வும்வரை வலி நீங்காது. பின்னர் தரையிலிருந்து, பின்னர் பத்தடி தூரத்திலிருந்து. இங்கே வலி நிற்பதே கூலி. உளவியலார் இதனை எதிர் மீளவலியுறுத்தல் என்பர். ஜேர்மனியிற் காவற்றுறை நாய்களைப் பழக்கிய கொன்றாட் மோஸ்ற் என்பவர் 1910இல் வெளியிட்ட பயிற்சி நூலும் வன்கையை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. பரிசின் பயனை அவரும் அறிந்தே இருந்தார். ஆயினும் கீழ்ப்படிவின் அடித்தளம் வற்புறுத்தல் என்பதே அக்காலத்தோர் பலரின் கொள்கை.

இம்முறையாளரைக் கொடியவர் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. அவர்கள் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு. விளையாட்டாக மட்டும் எடுத்து வரப் பழகிய நாய், விளையாட விருப்பமில்லாத நாளில் மறுத்துவிடும். குளிர்ந்த நீரில் இறங்கத் தயங்கும். அவ்வாறு அது தயங்குகின்ற வேளையிற் குண்டுபட்ட பறவை நாணலுக்குள்ளே மணிக்கணக்காகத் துடித்துக்கொண்டிருக்கும். நாய்க்குச் சில நாள் வலி. பறவைக்கு நீண்ட வேதனை இல்லை. ‘மறுக்க முடியாது’ என்பதை நாய் ஒருமுறை உணர்ந்துகொண்டாற் போதும் என்பர் அவர்கள். வேட்டையே தேவைதானா என்று நாம் கேட்கலாம். அது வேறு வழக்கு.

மற்றைய கட்சியின் கதை ஒரு பூனையிலிருந்து தொடங்குகின்றது. எட்வேட் தோண்டைக் என்ற அமெரிக்கர் 1898இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பசித்த பூனைகளை மரக்கூட்டில் அடைத்து வெளியே உணவை வைத்தார். பூனை கண்டபடி பிறாண்டும், தற்செயலாக ஒருமுறை தாழ் விலகும், கதவு திறக்கும். மறுமுறை சற்று விரைவிலே திறக்கும். பலமுறைக்குப் பின், கூட்டினுள் விட்டவுடனே தாழை விலக்கும். நற்பயன் தந்த செயல் நிலைக்கின்றது என்பதே அவர் கண்ட விதி. அவ்வழியில் வந்த பி. எப். ஸ்கின்னர் 1938இல் தம் பெருநூலை வெளியிட்டார். 1951இல் ‘சயன்றிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில், வீட்டிலிருந்தே எவரும் மிருகங்களுக்குக் கற்பிக்கும் வழியை எளிய நடையில் எழுதினார். அதிலே அவர் வற்புறுத்தியது நேரத்தை. நாய் சரியான செயலைச் செய்து சில கணங்கள் கழித்துத் தீனி கொடுத்தால், அதற்கிடையில் அது வேறெதையோ செய்துவிடும். எதற்குக் கூலி கிடைத்தது என்பது அதற்குப் புரியாது. ஆகவே, அழுத்தினாற் ‘டிக்’ என ஒலிக்கும் சிறு விளையாட்டுப் பொருளொன்றை வைத்துக்கொண்டு, சரியான கணத்தில் ஒலி எழுப்பி, பின்னர் தீனி கொடுக்கலாம் என்றார்.

இம்முறையைப் பலரறியச் செய்தவர் கரென் பிரையர் என்ற அம்மையார். ஹவாய்த் தீவிலே கடற்பூங்கா ஒன்றில் ஓங்கில்களைப் பழக்கியவர்; 1984இல் அவர் எழுதிய நூல் நாய் வளர்ப்போரிடையே பெரும் மாற்றத்தை உண்டாக்கிற்று. ஓங்கிலைக் கட்டி நிறுத்த முடியாது. திருகுவதற்குக் காது மடலும் இல்லை. கோபித்துக்கொண்டால் அது குளத்தின் மறுகரைக்கு நீந்திவிடும். ஆசிரியர் மீன்வாளியோடு கரையிலே நிற்கவேண்டியதுதான். ஓடிப்போகக்கூடிய மாணவனுக்குக் கற்பிக்க நேர்ந்தபோதுதான் மனிதன் கற்பிக்கும் கலையை ஒழுங்காகப் படித்தான் போலும்!

நாங்கள் சுட்டியனுக்கு இரண்டாம் வழியையே தெரிந்துகொண்டோம். மாலையிற் பத்து நிமிடம், அதற்குமேல் இல்லை. நெத்தலிக் கருவாட்டை மகள் கடலையளவு துண்டுகளாகக் கிள்ளி வைப்பாள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிற் சைவம் ஆதலால் தேங்காய்ச் சொட்டு. விளையாட்டுப் பொருள் எதுவும் வாங்கவில்லை. சரியான கணத்தில் நாவினால் ‘டக்’ என்று ஒலி எழுப்பினோம். முதல் இரண்டு நாளும் கற்பித்தது அவ்வொலியின் பொருளை மட்டுமே: ‘டக்’ என்றால் ஒரு துண்டு.

பின்னர் பழந்துணிச் சுருளொன்றை அவன் முன்னே வைத்தோம். மூக்கு அதிற் பட்டால் ‘டக்’. பல் பட்டால் ‘டக்’. கவ்வினால் ‘டக்’. அதன்பின் கவ்வி இரண்டு எண்ணும்வரை வைத்திருந்தாற்றான் கூலி. கீழே போட்டாற் கூலியில்லை, ஏச்சும் இல்லை. அவன் ஒருகணம் எங்கள் முகத்தைப் பார்ப்பான், மறுபடியும் எடுப்பான். அந்தப் பார்வையை நான் நன்கு அறிவேன். கணக்கொன்றின் இரண்டாம் வரியிலே தடைப்பட்ட மாணவன், கரும்பலகையை விட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பானே, அதே பார்வை.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தேன். எடுத்து வருதல் என்பது இரண்டு வினை. எடுத்தல் எந்த நாய்க்கும் தெரியும். செருப்பு ஒன்று காணாமற் போன வீட்டாரைக் கேட்டாற் சொல்வர். தேடுதல், துரத்துதல், கவ்வுதல், சுமத்தல் ஆகியவை நாய்க்கு அதன் ஓநாய் முன்னோர் விட்டுச்சென்ற முதுசொம். ஸ்கொத்லாந்திலே 1868 முதல் ஒரு பிரபு கலந்து வளர்த்த நாய்களின் வழியில் வந்த கோல்டன் றிற்றீவரும், நியூபவுண்லாந்து மீனவரின் நாய்களின் வழியில் வந்த லாப்ரடோரும், சுமந்து திரும்புவதிலும் இயல்பான விருப்பம் கொண்டவை. சுட்டியனுக்கு அந்தச் சீதனம் இல்லை. எடுத்தபின் வருதல் அவனுக்குப் புதிய பாடம். நம்மிடம் வருவதில் ஏதேனும் நன்மை உண்டென்று அவன் நம்பவேண்டும். திருகும் கையை நோக்கி எந்த உயிரும் ஆசையோடு வராது. அதனாலேயே வன்முறையாளர் அந்த நம்பிக்கைக்குப் பதிலாகக் கயிற்றை வைத்துக்கொள்கின்றனர்.

நான்காம் கிழமையிற் துணிச்சுருள் போய்ப் பழைய பத்திரிகை வந்தது. முதல்நாள் அவன் அதனைக் கவ்விக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, விளையாட்டுப் பக்கத்தை விளையாட்டாகவே கிழித்து முடித்தான். பெரியப்பா திண்ணையிலிருந்து சிரித்தார். பரிசுமுறைக்கும் எல்லை உண்டு என்பதை அம்முறையைக் கட்டி எழுப்பியவர்களே எழுதிவைத்திருக்கின்றனர். ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிறீலண்ட், மரியன் பிறீலண்ட் தம்பதியர், மரநாணயங்களை எடுத்துச் சென்று உண்டியலிற் போடப் பன்றிகளைப் பழக்கினர். தொடக்கத்திற் பன்றிகள் ஆவலோடு செய்தன. நாட்செல்ல, நாணயத்தை வழியிலே போட்டு, மூக்காற் கிண்டி, மேலே எறிந்து, மறுபடியும் கிண்டத் தொடங்கிவிட்டன. கூலி தாமதமாகிப் பசித்திருந்தபோதும் அவை கிண்டலை விடவில்லை. பிறவிக் குணம் கற்ற பாடத்தை மேவிவிடும் என்பதை அவர்கள் 1961இல் ஒளிவுமறைவின்றி வெளியிட்டனர். தம் கொள்கைக்கு மாறான சான்றைத் தாமே எடுத்துவைக்கும் நேர்மை எல்லாக் கட்சிக்கும் வாய்ப்பதில்லை.

கிணற்றடிக்கு ஓடிய சுட்டியனை நாங்கள் துரத்தவில்லை. துரத்தினால் அதுவே அவனுக்குச் சிறந்த விளையாட்டாகிவிடும். மகள் எதிர்த்திசையில் ஓடினாள். அவன் அவளைத் தொடர்ந்து வந்தான். வாயிலிருந்ததைக் கையில் வைத்தபோது இரட்டைக் கூலி பெற்றான். செயல் உறுதியானபின் ஒவ்வொரு முறையும் தீனி கொடுப்பதை நிறுத்தினோம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத கூலி, செயலை நெடுங்காலம் நிலைக்கச் செய்யும் என்பதை ஸ்கின்னரும் பேர்ஸ்ரரும் 1957இல் விரிவாகக் காட்டியிருக்கின்றனர். அதிட்டலாபச் சீட்டு வாங்குவோரைக் கண்ட நமக்கு இது புதிய செய்தி அன்று. மறுக்கும் நாளில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதிலே பாதி விடை இருக்கின்றது. மீதி விடை, மழையிலும் அயல்நாய்கள் குரைக்கும்போதும் படிப்படியாகப் பழக்குவதில் இருக்கின்றது. வன்முறை சில கிழமையில் முடிப்பதை இது சில மாதத்தில் முடிக்கலாம். அவ்வளவு பொறுமை வேண்டும்.

ஆறாம் கிழமையில் ஒருநாட் காலை, சுட்டியன் பத்திரிகையை எடுத்துவந்து என்னிடம் தராது திண்ணையிலிருந்த பெரியப்பாவின் மடியில் வைத்தான். வைத்துவிட்டு, அவர் முழங்காலிலே தாடையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். கொடுப்பதற்குப் பெரியவர் கையில் ஒன்றுமில்லை. அவன் நெற்றிச் சுட்டியைத் தடவினார். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “துரையின் நாயும் கொண்டு வந்து கொடுக்கும், தம்பி. ஒருநாளும் தவறாது. ஆனாற் கொடுத்துவிட்டு நில்லாது. இரண்டு அடி பின்னுக்குப் போய்த்தான் இருக்கும்” என்றார்.

அந்த இரண்டு அடியைப் பற்றியே பின்னர் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். பெரிய ஆராய்ச்சிகள் அளக்க முயல்வதும் அந்த இரண்டு அடியைத்தான். 2020இற் போர்த்துக்கல் ஆராய்ச்சியாளர் 92 வளர்ப்பு நாய்களை எடுத்துக்கொண்டனர். பரிசால் மட்டும் கற்பிக்கும் பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்தவை ஒரு பகுதி. அதட்டலும் இழுப்பும் வலியும் கலந்து கற்பிக்கும் பள்ளிகளைச் சேர்ந்தவை மறுபகுதி. பின்னவை பயிற்சியின்போது அடிக்கடி உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, உடலைத் தாழ்த்தின. அவற்றின் உமிழ்நீரிலே மனநெருக்கடியைக் காட்டும் கோட்டிசோல் பயிற்சிக்குப் பின் கூடியிருந்தது. மற்றொரு சோதனையும் செய்தனர். ஓரிடத்திலுள்ள கிண்ணத்தில் எப்போதும் உணவு. வேறோரிடத்துக் கிண்ணம் எப்போதும் வெறுமை. நாய் இதனை அறிந்தபின், இரண்டிற்கும் இடையே ஒரு கிண்ணத்தை வைத்தனர். பரிசால் மட்டும் கற்ற நாய்கள் அதை நோக்கி விரைந்தன. வன்கையை அதிகம் கண்டவை மெல்லச் சென்றன. வெறுங்கிண்ணமாகத்தான் இருக்கும் என்று எண்ணினபோலும். வலி ஒரு பாடத்தை மட்டும் கற்பித்துவிட்டு நின்றுவிடுவதில்லை. உலகத்தைப் பற்றிய எதிர்பார்ப்பையும் சேர்த்தே கற்பித்துவிடுகின்றது.

வலியிலிருந்து வெளியேறும் வழி தெரியாதபோது நிலைமை இன்னும் கொடிது. 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்ரீவன் மையர் என்போர் நடத்திய சோதனையில், தப்ப முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களுட் பல, பின்னர் தப்பும் வழி திறந்திருந்தபோதும் முயலாது படுத்துவிட்டன. காதைத் திருகும் முறையில் வெளிவழி ஒன்று உண்டு என்பது மெய். ஆனால் அது கை தேர்ந்தவனிடத்தில் மட்டுமே. ஒருகணம் பிந்திக் கையை விடுபவனிடம் அகப்பட்ட நாய்க்கு, எதைச் செய்தால் வலி நிற்கும் என்பது விளங்காது. பரிசு கொடுப்பவன் பிந்தினால் நாய்க்கு ஒரு துண்டு கருவாடுதான் வீண். இரண்டு முறையிலும் ஆசிரியன் பிழைவிடுவான். அப்பிழையின் விலையைச் செலுத்துவது யார் என்பதிலேதான் வேறுபாடு.

நாலடியார் யானையையும் நாயையும் ஒப்பிடும். தன்மேல் வேலெறிந்தவனுக்கும் வாலாட்டுவது நாய் என்று அதன் நட்பைப் போற்றும். நாயின் சிறப்பை உரைக்க எழுந்த கருத்து அது. கற்பிப்போர் அதனை ஓர் எச்சரிக்கையாகவும் கொள்ளலாம். வேல் பாய்ந்தபோதும் வால் ஆடுமாயின், வாலாட்டத்தை நம் முறைக்குச் சான்றாகக் காட்ட முடியாது. “எங்கள் நாய் அடித்தாலும் எங்களையே சுற்றி வருகிறது” என்பார் கூறுவது நாயின் பெருமை. அடியின் பெருமை அன்று.

நான் சிறுவனாயிருந்தபோது எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், வாய்பாடு தவறினாற் காதைப் பிடித்துத் திருகுவார். விடை சரியாக வரும் கணத்தில் விடுவார். பெரியப்பா வருணித்த முறையேதான். இன்று நாங்கள் ஒன்றுகூடும்போதெல்லாம், “அவர் திருகியதாலேதான் நாங்கள் மனிதரானோம்” என்று நண்பர்கள் கூறுவர். அவரைக் கண்டால் எல்லோரும் எழுந்து நிற்போம். எங்கள் அன்பு பொய்யன்று. ஆயினும் அந்த வகுப்பிலே முன்வரிசை எப்போதும் வெறுமையாகவே கிடந்ததும், ஐயம் கேட்க ஒருவரும் கை உயர்த்தாததும் எனக்கு நினைவிருக்கின்றது. இடையிலே படிப்பை விட்டுப்போன இருவர் எங்கள் ஒன்றுகூடலுக்கு வருவதில்லை. அவர்களின் சாட்சியத்தை யாரும் கேட்டதுமில்லை. 2005இலே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. சட்டம் கையைத் தடுக்கலாம். பிள்ளை புத்தகத்தோடு நம்மை நெருங்கி வருகிறதா, கொடுத்துவிட்டு இரண்டு அடி பின்னே நிற்கிறதா என்பதை அந்தந்த வீட்டாரும் ஆசிரியருமே பார்த்துக்கொள்ளவேண்டும்.

மாணவ நண்பர்கள் வீட்டு நாய்க்கு எதையேனும் கற்பிக்க விரும்பினால், மூன்றை மட்டும் நினைவிற் கொள்ளட்டும்: பாடம் சிறிதாக இருக்கட்டும், கூலி அக்கணமே கிடைக்கட்டும், தவறினாற் கூலி இல்லாமையே தண்டனையாகட்டும். பெற்றோர்க்குச் சொல்ல ஒன்று உண்டு. உங்கள் நாய் உங்களை எவ்வாறு அறிந்திருக்கின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வாலைப் பார்க்கவேண்டாம்; அது எவருக்கும் ஆடும். எதையோ எடுப்பதற்காகச் சடுதியிற் கையை உயர்த்திப் பாருங்கள். அப்போது அதன் காதைக் கவனியுங்கள். அது நிமிர்ந்தே நிற்குமாயின் மகிழலாம். பின்னே மடியுமாயின், அந்த வீட்டிலே மாற்றவேண்டியது நாயின் பழக்கம் அன்று.